நம்ம வீட்டு குரூப்: ஓட்டப்போட்டி பேனர்

கார்த்தி: பேனர் டிசைன் போட்டிருக்கேன். நாளைக்கு காலைல பிரிண்ட்டுக்குப் போகணும், இப்பவே சொல்லிடுங்க

தேவி அக்கா: சூப்பர்டா

பெரியப்பா: எழுத்து ஏன் சரிஞ்சு கிடக்கு

கார்த்தி: ஓடுற வேகம் தெரியணும்னு சாய்ச்சேன் பெரியப்பா

பாலு சித்தப்பா: சாய்வு பட்டனை அமுக்கித்தானே சாய்ச்சே? இங்கிலீஷ் 'ஓ'வைப் பெருசாக்கிப் பாரு. மேல் வலதும் கீழ் இடதும் தடிச்சிருக்கும், எதிர்ப்பக்கம் ரெண்டும் மெலிஞ்சிருக்கும். உருண்டை முனை எல்லாம் முட்டை மாதிரி கோணியிருக்கும். இந்த மாதிரி தடி உருண்டை எழுத்துக்கு அழகே கோடு ஒரே கனமா ஓடுறதுதான், அது போயிடுது. சாய்வாவே வரைஞ்ச ஃபான்ட்ல அந்த வளைவைத் திருத்தியிருப்பாங்க. நுனிட்டோ ஃபான்ட்ல பிளாக் இட்டாலிக் போடு, அதாவது ரொம்பத் தடி, சாய்வாவே வரைஞ்சது. நுனிட்டோ சான்ஸ் வேண்டாம், அதுல முனை உருண்டை இல்ல

கார்த்தி: அதுல தமிழ் இல்லையே

மீனா அத்தை: டீ ஷர்ட் சைஸ் இன்னும் 3 பேர் சொல்லலை

தேவி அக்கா: எனக்கு மீடியம் அத்தை

பாலு சித்தப்பா: தமிழுக்கு பலூ தம்பி 2, எக்ஸ்ட்ரா போல்டு. அதுல இட்டாலிக் கிடையாது. அதனால தமிழைச் சாய்க்காதே, வரி வலப்பக்கம் போகப் போக மேல ஏறுற மாதிரி வை. ஆனா சுழற்றாதே, சுழற்றினா ட, ப எல்லாம் பின்னாடி சாயும், ஓடுறவன் பிரேக் போட்ட மாதிரி. செங்குத்து ஸ்க்யூ, அதாவது மேல் கீழா சரிக்கிறது, 5 டிகிரி கொடு. எழுத்தோட நிமிர்ந்த கோடு நேரா நிக்கும், வரி மட்டும் ஏறும்

கார்த்தி: ஓ இது நல்லா இருக்கே

பெரியப்பா: பேர் வரிசை யார் போட்டது. என் பேர் கடைசில

தேவி அக்கா: அகர வரிசை பெரியப்பா

பெரியப்பா: போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க

பாலு சித்தப்பா: அண்ணா, பேரெல்லாம் இந்தத் தடி எழுத்துல வேண்டாம். சின்ன அளவுல ண, ஞ, ழ சுழி அடைஞ்சு போகும். நேர் எழுத்து, மீடியம் கனம் போதும். கார்த்தி, தலைப்பு 60 அடியில இருந்து படிக்கணும்னா எழுத்து உயரம் குறைஞ்சது 6 அங்குலம். 10 அடிக்கு 1 அங்குலம்னு கணக்கு

மீனா அத்தை: டீ ஷர்ட் நம்பரும் இதே எழுத்தா?

பாலு சித்தப்பா: இதேதான். 6, 8, 9 மட்டும் கவனி. சுத்தி வெள்ளை பார்டர் வச்சா எழுத்துக்குப் பின்னாடி வை. எழுத்தோட ஓரக்கோட்டை நடுவா வச்சுப் போட்டா பார்டர் பாதி எழுத்துக்கு உள்ள தின்னும், ஓட்டை அடைஞ்சு 6ம் 8ம் ஒண்ணாத் தெரியும். 'ம்' மேல புள்ளியும் பார்டர் தடிச்சா எழுத்தோட ஒட்டிக்கும், கையால கொஞ்சம் மேல தூக்கு

கார்த்தி: சரி. பார்டர் வெள்ளையா மஞ்சளா?

தேவி அக்கா: மஞ்சள்

மீனா அத்தை: வெள்ளை

பாலு சித்தப்பா: துணி என்ன கலர்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் கார்த்தி, அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்தை எல்லாம் அவுட்லைனா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்து. பிரிண்ட் போடுற இடத்துல ஃபான்ட் இல்லன்னா வேற எழுத்து வந்து உட்காரும். 'கொ' உடைஞ்சு கொம்பு தனியா, கால் தனியா நிக்கும். மாத்தின பிறகு ஒரு தடவை வாசிச்சுப் பாரு, அப்புறம் எழுத்துப் பிழை திருத்த முடியாது. மூல ஃபைலை தனியா வச்சுக்கோ

கார்த்தி: ராத்திரி 9க்குள்ள புதுசு போடுறேன்

பெரியப்பா: வரிசை?

மீனா அத்தை: ரெண்டு பேர் சைஸ் இன்னும் வரலை