ஜகத் சேட் காலத்து வட்டக் கணக்கு: ஆற்காடு ரூபாய்க்கு விகிதம் தெரியுமா?

1757க்கு முந்தைய, வங்காள நவாபின் தலைநகரான முர்ஷிதாபாத்தின் கணக்குகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர ஓர் அட்டவணை தயாராகிறது. ஆற்காடு ரூபாயில்தான் இடிக்கிறது.

வங்காளத்தில் புதிதாக அச்சான வெள்ளி நாணயமான சிக்கா ரூபாய்க்கு முதல் வருஷம் முழு மதிப்பு. பிறகு வட்டம் (மதிப்பில் பிடிக்கும் தள்ளுபடி) கழியும். கடைசியில் 'சனாத்' ஆகிவிடும். வெள்ளி அதேதான், வருஷம்தான் பழசு! 100 சிக்காவுக்கு 116 கரண்ட் ரூபாய், 100 சனாத்துக்கு 111. (கரண்ட் ரூபாய் ஏட்டில் மட்டும் உண்டு, கையில் வராது.) 'ரூபாய்' என்று மட்டும் இருப்பதையெல்லாம் அப்படியே கூட்டினால் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் பிசகும்.

சென்னையில் அச்சடித்து வங்காளத்துக்குக் கப்பலேறிய ஆற்காடு ரூபாய்க்கு நிலையான விகிதமே இல்லை. நாணயச்சாலையும் வெள்ளிக் கொள்முதலும் முர்ஷிதாபாத் வங்கியாளர்களான ஜகத் சேட் வீட்டின் பிடியில். அவர்கள் வைத்ததே வட்டம். நவாபின் வரிப்பணமும் அவர்கள் வழியாகத்தான் போனது, எதிர்த்துப் பேச யார் இருந்தார்கள்?

1742 முதல் 1757 வரையிலான காசிம்பஜார், கல்கத்தா ஆங்கிலேயக் கம்பெனிக் கடிதங்களில் ஆற்காடு வட்டம் எண்ணாகவே கண்ணில் பட்டிருந்தால் இங்கே போடுங்கள். தேதி, ஊர், எந்த ரூபாய்க்கு எதிராக என்ற மூன்றும் அவசியம். தேதியில்லாத விகிதம் அட்டவணையில் ஏறாது.