கேபர் ஃபில்டர் மைனஸ்ல போகுது, இதை நியூரான் மாடல்னு சொல்லலாமா?

பர்கூர்_பையன்:
வணக்கம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மூளையில பார்வையை கவனிக்கற விஷுவல் கார்டெக்ஸோட முதல் பகுதியான வி1ல இருக்கற சிம்பிள் செல்லுக்கு மாடல் பண்றேன், பைத்தான்ல கேபர் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட சாய்வுல இருக்கற கோடுகளை பிடிக்கற ஃபில்டர்) எழுதி ஒகேனக்கல்ல எடுத்த பரிசல் ஃபோட்டோ மேல ஓட்டினேன், மூங்கில் பின்னல் சாய்வா போற இடத்துல நல்லா ரெஸ்பான்ஸ் வருது, ஆனா அதே படத்தை குறுக்கால 4 பிக்சல் தள்ளினா அங்கயே மைனஸ் ஆயிடுது. நியூரான் எப்படிங்க மைனஸ்ல ஃபயர் ஆகும்? ஹாட்ஜ்கின் ஹக்ஸ்லி சமன்பாடு போட்டாதான் சரி வருமா?

ஓசூர்_கோடர்:
அது வேணாம் ப்ரோ. அது 1952ல கணவாய் மீனோட தடிச்ச நரம்புல சோடியம், பொட்டாசியம் எப்படி ஓடி ஸ்பைக் (மின் துடிப்பு) வருதுன்னு எழுதின சமன்பாடு. உனக்கு வேண்டியது செல் எதைப் பார்த்து ஃபயர் ஆகுதுங்கறது, ரெண்டும் வேற. ஜீரோவுக்கு கீழ வந்ததை வெட்டி விடு, குறி மாத்தின ஃபில்டரை இன்னொரு செல்லா வை, அந்த மைனஸை அது பாத்துக்கும்.

தகடூர்_அக்கா:
தள்ளினா மாறுறது பக் இல்ல தம்பி, சிம்பிள் செல்லே அப்படித்தான். உன் அலைநீளம் 8 பிக்சலா இருக்கும், பாதி தள்ளினா நேர் எதிரா போகும். ஹூபலும் வீசலும் 1962ல பூனைல காட்டினது இதுதான், சிம்பிள் செல்லுக்கு கோடு சரியான இடத்துல விழணும், காம்ப்ளெக்ஸ் செல்லுக்கு சாய்வு சரியா இருந்தா போதும், அதோட ஏரியாக்குள்ள எங்க விழுந்தாலும் சரி. அதுக்கு அடெல்சன், பெர்கன் 1985ல அசைவுக்காக எழுதின எனர்ஜி மாடலை எடு: ஒரே சாய்வுல ரெண்டு கேபர், ஒண்ணு சைன், ஒண்ணு காஸ், அதாவது ஃபேஸ் (அலை தொடங்கற இடம்) 90 டிகிரி வித்தியாசம், ரெண்டையும் ஸ்கொயர் பண்ணி கூட்டு. பத்தாவதுல படிச்ச சைன் ஸ்கொயர் ப்ளஸ் காஸ் ஸ்கொயர்தான், அதனாலதான் தள்ளினாலும் அசையாது.

பர்கூர்_பையன்:
செம்ம அக்கா, இப்ப தள்ளினாலும் அப்படியே நிக்குது!! ஆனா வெயில்ல எடுத்த ஃபோட்டோக்கு எக்கச்சக்கமா வருது, மப்பும் மந்தாரமுமா இருந்தப்ப எடுத்ததுக்கு ஒண்ணுமே இல்ல.

தகடூர்_அக்கா:
ஸ்கொயர் பண்ணா கான்ட்ராஸ்ட் ரெண்டு மடங்கானா அவுட்புட் நாலு மடங்காகும்ல. நிஜ செல் ஒரு அளவுக்கு மேல ஏறாது. ஹீகர் 1992ல சொன்ன நார்மலைசேஷன் போடு, எல்லா சாய்வுலயும் வர எனர்ஜியை கூட்டி அதோட சிக்மாங்கற ஒரு நிலையான எண்ணோட ஸ்கொயரை சேர்த்து, அந்த மொத்தத்தால உன் செல்லோட எனர்ஜியை வகுக்கணும். சிக்மாவை ஜீரோ வச்சிடாதப்பா, வெறும் வானம் இருக்கற பக்கம் பூஜ்யத்தால வகுத்து குப்பையா கொட்டும்.

ஓசூர்_கோடர்:
காஸ் கேபர்ல சராசரியை கழிச்சியா ப்ரோ? இல்லன்னா கோடே இல்லாத வெளிச்சத்துக்கும் ஃபயர் ஆகும், வைவால முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க.