குரோன் நோயில் ஆசனவாய்ப் பக்கம் கட்டி: பவுத்திரம் என்று அறுத்துவிடலாமா?

ஈரோடு அக்கா:
தம்பிக்கு வயது 27. முதலில் குடல் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை, திரும்பவும் கொலனோஸ்கோபி செய்த பிறகுதான் குரோன் (குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) என்று உறுதியானது. இப்போது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை சாப்பிடுகிறான், வயிற்றுப்போக்கு அடங்கியிருக்கிறது. ஆனால் ஆசனவாய் ஓரத்தில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிகிறது, ஆறின மாதிரி மூடிக்கொண்டு மறுபடி வீங்குகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பைக் ஓட்டுகிறான். வெட்கப்பட்டு டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை, துவைக்கும்போது கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன். சித்தப்பா "இது பவுத்திரம், லேசரில் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள்" என்று ஓர் இடம் சொல்கிறார். கூட்டிப்போகலாமா?

குடல்வாசி:
அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் அக்கா. எனக்கும் இதேதான். பவுத்திரம்தான், ஆனால் குரோன் உண்டாக்கிய பவுத்திரம். புண் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு தோல்வரை வழி போட்டுவிடுகிறது. உள்ளே அழற்சி இருக்கும்போது சாதாரணப் பவுத்திரம் மாதிரி அறுத்தால் காயம் ஆறாமல் இழுக்கும், சுருக்குத் தசை வெட்டுப்பட்டால் மலத்தை அடக்க முடியாமலும் போகலாம். முதலில் இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுத்து வழி எங்கே போகிறது, உள்ளே சீழ் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்குச் சீழை வெளியேற்றிவிட்டு அந்த வழியில் சீட்டான் என்கிற மெல்லிய ரப்பர் நூலைத் தளர்வாகக் கோத்துவிட்டார்கள், வாய் மூடிக்கொள்ளாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கத்தான் அது. முதலில் உறுத்தும், பழகிவிடும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து எழுந்து, நன்றாக ஒற்றித் துடைத்து, பஞ்சுத்துணி வைத்துக்கொண்டால் வேலைக்கே போகலாம். குடல் டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவெடுக்கிற இடமாகப் பாருங்கள்.

மதுரைக்காரி:
மேலே சொன்னதோடு ஒன்று. சீழ் வடிந்த பிறகு பெரும்பாலும் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப், இல்லையென்றால் அடலிமுமாப் ஊசி பேச்சு வரும். இரண்டுமே உடம்பில் அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடியவை, அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முடிக்காமல் போட மாட்டார்கள். தம்பி முன்பு காசநோய் மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிட்டார், முழுசாக முடித்தாரா என்கிற பழைய சீட்டெல்லாம் கையோடு எடுத்துப்போங்கள், இது ரொம்ப முக்கியம். செலவை நினைத்துப் பயப்படாதீர்கள், அடலிமுமாபுக்கு ஜைடஸ் 2014லேயே இந்தியத் தயாரிப்பு கொண்டுவந்துவிட்டது, வெளிநாட்டு ஊசியைவிட விலை குறைவு. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் கடையில் வாங்கிப் போட வேண்டாம், குடல் புண்ணைக் கிளறிவிடும். குளிர்க்காய்ச்சலோடு கட்டி கனத்து வலித்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அசாதயோபிரின் சாப்பிடுகிறவருக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஈரோடு அக்கா:
சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று, எப்போதும் களைப்பாக இருக்கிறான், பாதம் மதமதவென்று இருக்கிறதாம். இதுவும் அதனால்தானா?

குடல்வாசி:
இருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 வைட்டமின் உடம்பில் சேரும், குரோன் அதிகம் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவாக இருந்தால் ஊசி போடுவார்கள். தள்ளிப்போட வேண்டாம், நரம்பு பாதித்து நாளாகிவிட்டால் மரப்பு முழுசாகப் போகாமல் நின்றுவிடலாம். தம்பி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டால் கட்டி எப்போது வந்தது, எப்போது உடைந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.