பழைய வீட்டைப் படமெடுக்க எந்தச் சிறிய கேமரா?

இரண்டாங்கட்டு:
செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்கு அருகில் எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் இப்போது ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, பங்கு உள்ளது. அடுத்த ஆண்டு மராமத்து தொடங்குமுன், முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒவ்வொரு பகுதியையும், நிலைகளின் செதுக்கு வேலையையும், சுவரில் வரிசையாக மாட்டியுள்ள முன்னோர் படங்களையும் எடுத்து, வெளிநாட்டுப் பங்காளிகளுக்கு அனுப்ப எண்ணியுள்ளேன். செல்பேசியைத் தவிர வேறு எதிலும் படமெடுத்துப் பழக்கமில்லை. கையடக்கமான கேமராவே வேண்டும். கடையில் 40 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல் என்று சொல்லி கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ்ஸைக் காட்டினார்கள். வாங்கலாமா?

தேக்குத்தூண்:
தம்பி, உங்கள் வேலைக்கு அது பொருந்தாது. வீட்டுக்குள் படமெடுப்பவருக்கு வேண்டியவை அகலமான பார்வையும் ஒளியை வாங்கும் திறனும்தான். அகலத்தில் அதற்குக் குறையில்லை, 24 மி.மீ.யில்தான் தொடங்குகிறது (இந்த எண் குறையக் குறையப் பார்வை அகலும்). குறை சென்சாரில், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லில், இருக்கிறது. அது ஏறத்தாழ 6.2க்கு 4.6 மி.மீ.; ‘1 அங்குலம்’ என்று விற்கப்படும் சென்சாரோ 13.2க்கு 8.8 மி.மீ. (பெயரில் மட்டுமே அங்குலம், பழைய வீடியோக் குழாய்களின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பரப்பு நான்கு மடங்கு என்பதால், இரண்டிலும் 20 மெகாபிக்சலே இருந்தாலும், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் வேறு, வீட்டுப் புள்ளியைச் சொல்லவில்லை, படப் புள்ளியைச் சொல்கிறேன். வளவில் (நடு முற்றத்தில்) உச்சி வெயில் இறங்கும்போது சுற்றுக்கட்டு அறைகள் இருண்டு கிடக்குமல்லவா? அந்த நேரத்தில் சிறிய சென்சார் தரையை வெளுக்கவிடும், இல்லையென்றால் தூண்களுக்குப் பின்னாலுள்ள அனைத்தையும் கருப்பாக்கிவிடும்.

சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாவது மாடலையோ, 2016இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2ஐயோ பாருங்கள். இரண்டுமே 24 மி.மீ.யில் தொடங்குபவை, லென்ஸ் எஃப் 1.8 வரை திறப்பவை (இந்த எண்ணும் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்), பின்னர் கணினியில் திருத்துவதற்கு ஏற்ற ரா கோப்பையும் தருபவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் ஆர்எக்ஸ்100ஐ வாங்கிவிடாதீர்கள். அது 28 மி.மீ.யில் தொடங்குகிறது. நான்கு மீட்டர் தள்ளி நின்றால் 24இல் ஆறு மீட்டர் அகலம் அடங்கும், 28இல் ஐந்து மீட்டருக்குச் சற்றே கூடுதலாக அடங்கும். பட்டாலையில் (கூடத்தில்) பின்னால் நகர இடமில்லாதபோது அந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும்.

எதை வாங்கினாலும் ட்ரைபாட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். வீடு அசையாது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 125இல் வைத்து, 2 நொடி டைமரைப் போட்டால், ஷட்டர் முழுதாக ஒரு நொடி திறந்திருந்தாலும் படம் கலங்காது.

வேட்டங்குடி நாரை:
ஜூமை அப்படித் தள்ளிவிட வேண்டாம், ஐயா. பறவைகள் தங்கும் பருவத்தில் வேட்டங்குடிக் கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே 100 மி.மீ. வரையுள்ள லென்ஸில் நாரை ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். கோபுரத்தின் மேல்நிலைச் சுதை உருவங்களுக்கும் ஜூம் உதவும். ஆனால் இந்தக் கேள்வி வீட்டைப் பற்றியது என்பதால், தேக்குத்தூண் ஐயா சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்.

ஆத்தங்குடிக்கல்:
அந்த மாடல்களைப் பிறர் பயன்படுத்திய நிலையில் வாங்க நேர்ந்தால், நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் ஒரு கடையில் அவசரப்பட்டு வாங்கிய கேமராவின் லென்ஸ், இரண்டாம் வாரமே வெளியே நீண்டபடி உள்ளே போகாமல் நின்றுவிட்டது. கடையிலேயே பத்துப் பன்னிரண்டு முறை இயக்கி அணையுங்கள். ஜூமை முழுவதும் நீட்டிச் சுருக்குங்கள். பிறகு லென்ஸின் திறப்பை எஃப் 11க்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். உள்ளே தூசி புகுந்திருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாங்கட்டு:
மிக்க நன்றி. மதுரையில் ஜி7 எக்ஸ் மார்க் 2 ஒன்று இருப்பதாகத் தெரிந்தது; நேரில் சென்று சோதித்துவிட்டு முடிவு செய்கிறேன். முன்னோர் படங்கள் அனைத்தும் கண்ணாடிச் சட்டத்தில் உள்ளன. செல்பேசியில் எடுத்தபோது படத்திலுள்ள ஐயாவின் முகத்தின் மேல் என் முகமும் விழுந்துவிட்டது.

தேக்குத்தூண்:
பிளாஷை அணைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னாலுள்ள கதவையும் சாளரத்தையும் சாத்தி, பக்கவாட்டிலிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி செய்யுங்கள். கருப்பு வேட்டி ஒன்றைத் திரைபோல் பிடித்து, அதன் பின்னால் நின்று லென்ஸை மட்டும் வெளியே நீட்டி எடுத்தால் உங்கள் உருவம் கண்ணாடியில் விழாது. மாலை போட்டு மலைக்குப் போனவர் எந்த வீட்டிலும் ஒருவராவது இருப்பார்.