54 வயதில் வேலை ஆட்டம் காண்கிறது: கடனை அடைப்பதா, சேமிப்பைக் காப்பதா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 54. ஒரு தனியார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் 6 ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் சில காலமாகவே என் வயதை ஒட்டியவர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்படுகிறார்கள். அவர்களுடைய இடங்கள் நிரப்பப்படுவதில்லை. நான் செய்யும் வேலைகளை எல்லாம் படிப்படியாக எழுதிக் கொடுத்து, பக்கத்து மேசையில் இருக்கும் இளைஞருக்குப் பயிற்சி அளிக்கும்படி சொன்னார்கள். வழக்கமான நடைமுறைதான் என்று மேலதிகாரி சொல்கிறார். ஆனால் சப்ளையர்களுடன் நடக்கும் கூட்டங்களுக்கு இப்போது அந்த இளைஞருக்கு மட்டுமே அழைப்பு போகிறது.

வீட்டுக் கடனில் இன்னும் 6 ஆண்டுத் தவணை பாக்கி. மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் ஆண்டுச் செலவைப் போல் 14 மடங்கு சேமிப்பு இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் உள்ளது. தவணையும் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்து மொத்தச் செலவில் கால் பங்கு. சேமிப்பிலிருந்து எடுத்துக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறார் மனைவி. கையில் இருப்பதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில் 1

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவணை இல்லாத வீட்டில் சம்பளம் நின்றாலும் மூச்சு விட முடியும். ஆனாலும் இந்த நேரத்தில் முழுக் கடனையும் அடைக்க வேண்டாம் என்றே சொல்வேன். கடனில் கட்டிய பணம் வீட்டுக்குள் போய்விடும். நாளை வேலை போனபின் அதே வீட்டின் மேல் திரும்பக் கடன் கேட்டால், வங்கி முதலில் கேட்பது சம்பளச் சான்றிதழைத்தான். முதலில் ஒன்றரை ஆண்டுச் செலவுக்கான தொகையை, சந்தையோடு ஏறி இறங்காத வைப்பாகத் தனியே ஒதுக்குங்கள். அதன் பிறகு, கடன் வட்டி உங்கள் வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட அதிகமாக இருந்தால், மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

பதில் 2

நீங்கள் கேட்காவிட்டாலும், உங்கள் 14 மடங்கு சேமிப்பு ஓய்வுக்காலத்துக்குப் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், தம் நாட்டின் 1926 முதலான சந்தை விவரங்களை ஆராய்ந்தார். ஓய்வின் முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டால், அவர் பார்த்த மிக மோசமான காலகட்டத்திலும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியது. ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு வேண்டும் என்று பலரும் சொல்வது இதிலிருந்து வந்தது. அது ஒரு நாட்டின் கடந்த காலம் மட்டுமே என்பதால், அதை உத்தரவாதமாகக் கொள்ளாமல் ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது உங்கள் பங்கு முதலீடு. சம்பளம் நின்ற அதே ஆண்டில் சந்தையும் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100 ஆக இருந்த முதலீடு 30 சதவீதம் சரிந்து 70 ஆகிறது. செலவுக்கு 5 எடுத்தால் மிஞ்சுவது 65. அது மீண்டும் 100ஐத் தொட ஏறத்தாழ 54 சதவீதம் ஏற வேண்டும். நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கும் காலமும் சந்தை சரியும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே முதல் பதிலில் சொன்ன வைப்புத் தொகையைச் சந்தை நன்றாக இருக்கும்போதே பங்குகளிலிருந்து எடுத்து ஒதுக்குவது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்க வேண்டும். எனக்கு அறிமுகமான ஒரு சிறிய நிறுவனம் என்னை அழைக்கிறது. சம்பளம் இப்போதைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான். வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் சரியாகப் போய்விடும், சேமிக்க ஒன்றும் மிஞ்சாது. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு இப்படி இறங்கிப் போவது அறிவுடைமையா?

பதில் 3

அந்த வாய்ப்பைக் கைவிடாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். இனி வரும் 6 ஆண்டுகளில் உங்கள் முதல் வேலை, சேமிப்பைத் தொடாமல் காலத்தை நகர்த்துவது. புதிதாகச் சேர்ப்பது அதற்கு அடுத்ததுதான். ஆண்டுக்கு 8 சதவீத வருமானம், 5 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருமானமே இல்லாமல் சேமிப்பிலிருந்து செலவு செய்தால், 14 மடங்கு என்பது 60 வயதில் ஏறத்தாழ 10 மடங்காகச் சுருங்குகிறது. பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடந்து, சேமிப்பு தொடப்படாமல் இருந்தால், அன்றைய விலைவாசியிலேயே அது பதினாறரை மடங்கைத் தாண்டுகிறது. அதற்குள் தவணையும் கல்லூரிக் கட்டணமும் முடிந்துவிடும். செலவில் கால் பங்கு குறைந்தால், அதே தொகை தோராயமாக 22 மடங்காகிறது. இப்போது வாங்கும் பெரிய சம்பளம் எத்தனை மாதம் நீடிக்கும் என்று தெரியாதபோது, அதனோடு ஒப்பிட்டு இதைச் சிறியது என்று தள்ளிவிடக் கூடாது.

ஆனால் இன்றே ராஜினாமா செய்யவும் வேண்டாம். அந்தச் சிறிய நிறுவனம் சில மாதங்கள் காத்திருக்குமா, சேரும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பொதுவாக நிறுவனமே அனுப்பினால் இழப்பீடு கிடைக்க வாய்ப்பு உண்டு. நீங்களாக விலகினால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

பதில் 4

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மனிதவளத் துறையினர் உங்களைத் தனி அறைக்கு அழைத்து, தட்டச்சு செய்த கடிதத்தை முன்னால் வைத்து, "நீங்களாகவே விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது" என்று கனிவாகவே சொல்லக்கூடும். அந்த அறையில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று சொல்லி, நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்கி, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், மீதமுள்ள விடுப்புக்கான தொகை, இழப்பீடு ஆகிய மூன்றும் அந்தக் கடிதத்தில் எந்தச் சொற்களால் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது முக்கியம். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், உங்களுக்கு வந்த மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். நிறுவனத்தின் ரகசிய ஆவணம் எதையும் எடுத்துவராதீர்கள்.

உங்கள் மருத்துவக் காப்பீடு நிறுவனம் வழியாக மட்டும் இருந்தால், வேலையோடு அதுவும் போய்விடும். சொந்தமாக ஒரு பாலிசியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. அந்தக் காலம் நீங்கள் வேலையில் இருக்கும்போதே ஓடட்டும்.