சேலத்தில் பழைய கேம் கேசட்டுக்கு பேட்டரி மாற்றித் தருபவர் உண்டா?

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். அமெரிக்காவில் இருந்த மாமா கொடுத்த நிண்டெண்டோ என்இஎஸ் (டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி), கூடவே அங்கே 1987ல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ கேசட். கேசட்டில் கேம் சேவ் ஆகவே மாட்டேன் என்கிறது.

மூன்று வாரமாக நானும் மகளும் கற்றுக்கொண்டு ஆடுகிறோம். மொத்தம் ஒன்பது பாதாளக் கோட்டை. ஒவ்வொரு அறையையும் அவள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைகிறாள். பூட்டிய கதவுக்குச் சிவப்பு, குண்டு வைத்து உடைக்கும் சுவருக்கு நீலம். போன ஞாயிறு மூன்றாவது கோட்டையில் தெப்பம் கிடைத்தது. அது இருந்தால்தான் நான்காவதற்கே போக முடியும். மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் எங்கள் பெயரே இல்லை. மறுபடி மூன்று இதயம், கையில் வாள்கூட இல்லை. பிள்ளை அழுதுவிட்டாள்.

ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே அணைத்துப் பார்த்தேன், கேசட் பின்களை ஆல்கஹாலில் துடைத்தேன். பலனில்லை. திறந்து மீட்டர் வைத்தால் சேவ் செய்ததை அழியாமல் வைத்திருக்க உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட்டுக்குப் பதில் 1.1 காட்டுகிறது. தகட்டுக் காலோடு வெல்டு வைத்த பேட்டரி, கடையில் கிடைக்கும் சாதாவை அப்படியே போட முடியாது. இரண்டு மொபைல் சர்வீஸ் கடையில் போர்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கால் வைத்த சிஆர்2032 போட்டு, போர்டு கெடாமல் சால்டர் செய்து தர சேலத்தில் யார் இருக்கிறார்கள்?