நான்கு வருஷமும் தியாலஜியா? அமெரிக்காவில் எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சனிக்கிழமை மாலை

சுதா: எல்லோரும் இருக்கிறீர்களா? நிலாவின் ஹைஸ்கூல் விஷயம். இங்கே பக்கத்திலிருக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஷேடோ டே. அங்கே படிக்கிற ஒரு பெண்ணோடு நாள் முழுக்க எல்லா வகுப்புக்கும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அவளுக்கு ரொம்ப ஆசை. இவர்தான் யோசிக்கிறார்.

குமார்: வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்தேன். தியாலஜி, அதாவது அவர்கள் மதப் பாடம், நான்கு வருஷமும் கட்டாயம். கணக்கே மூன்று வருஷம்தான் கட்டாயம். நாம் இந்துக் குடும்பம். தினமும் ஒரு பீரியட் அதற்குப் போய்விட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் எங்கே?

பெரியப்பா: எனக்கும் ஒரு சந்தேகம். பயாலஜியில் பரிணாமம் ஒழுங்காக நடத்துவார்களா? பொதுப் பள்ளி என்றால் இந்தக் கேள்வியே வராது.

கலா: அண்ணா, நான் பதினான்கு வருஷமாக இப்படி ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். பயாலஜி வகுப்பு எனக்குப் பக்கத்து அறை. பரிணாமத்தை முழுசாக நடத்துகிறார்கள். போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-லேயே மனித உடலின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தடையில்லை என்று எழுதிவிட்டார். பரிணாமக் கொள்கை வெறும் அனுமானம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996-ல் சொன்னார். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடியை வைத்து மரபுவிதிகளைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டுக் காட்டிய லெமெய்த்ர் பெல்ஜியத்துப் பாதிரியார்.

பெரியப்பா: மெண்டல் துறவி என்று தெரியும். இன்னொருவரைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நல்லது.

குமார்: அக்கா, சயின்ஸில் எனக்கு அவ்வளவு பயமில்லை. அந்தத் தியாலஜி வகுப்பில் என்னதான் நடக்கிறது? மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டுமா?

கலா: அமெரிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், 2007-ல் ஹைஸ்கூலுக்கென்று ஒரு பாடச் சட்டகம் போட்டார்கள். பைபிள், இயேசு யார், மீட்பு, திருச்சபை, ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனங்கள், கடைசியாக அறவியல். இந்த ஆறும் அடிப்படை. அதற்கு மேல் விருப்பப் பாடங்கள். திருச்சபை வரலாறு உண்டு, சமூகப் போதனை உண்டு, மற்ற மதங்களோடு உள்ள உறவு பற்றியும் ஒன்று உண்டு. எதை எந்த வருஷம் நடத்துவது, விருப்பப் பாடங்களில் எதை எடுப்பது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நம்புகிறவர்கள், நம்பிக்கையோடுதான் நடத்துவார்கள். பள்ளியை ஆரம்பித்ததே அதற்காகத்தான். ஆனால் நிலா நம்புகிறாளா என்பதற்கு மார்க் கிடையாது. படித்துப் புரிந்துகொண்டாளா என்பதற்குத்தான் மார்க்.

ரகு: சித்தப்பா, இதை நான் சொல்கிறேன். நானும் இந்துதான், நானும் அந்த நான்கு வருஷம் உட்கார்ந்தேன். காலேஜில் இப்போது எனக்கு அதிகம் உதவுவது அந்த வகுப்புதான்.

குமார்: நீ இன்ஜினியரிங் படிக்கிறவன். எப்படி?

ரகு: பதினொன்றாம் வகுப்பில் அறவியல். போப் பதின்மூன்றாம் லியோ 1891-ல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலைப் படிக்கச் சொன்னார்கள். முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துப் பேசிக்கொண்ட கூலியாக இருந்தாலும், சிக்கனமாக வாழ்கிற தொழிலாளி பிழைக்கவே போதாது என்றால் அது நியாயமான கூலி இல்லை என்கிறார் அதில். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேர் மனமொத்துப் பேசியபின் மூன்றாம் ஆள் எதற்கு என்று நான்கு பக்கம் எதிர்த்து எழுதினேன்.

ரகு: திரும்பி வந்த தாளில் சிவப்பு மையே இல்லை. மூன்றாவது பத்தியின் ஓரத்தில் பென்சிலில் ஒரே கேள்வி. "இதைச் சொல்வது அவரா, நீயா?" எடுத்துப் படித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. லியோ சொன்னது, வகுப்பில் நண்பன் சொன்னது, நான் நினைத்தது எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடந்தது.

சுதா: அப்புறம்?

ரகு: பிரித்து எழுதிக் கொடுத்தேன் சித்தி. மறுபடியும் பென்சில். "உன் எதிராளி இதைப் படித்தால், ஆமாம், என் வாதம் இதுதான் என்று ஒத்துக்கொள்வாரா?" நான் லியோவின் வாதத்தில் பலவீனமான பாதியை மட்டும் எடுத்து அடித்திருந்தேன். முழு வாதத்தையும் எழுதினால் அடிப்பது கஷ்டம் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் தடவை எழுத எட்டு நாள் ஆனது. என் முடிவு மாறவில்லை. ஆனால் பாதி இடங்களில் அவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டு எழுதினேன். ஏ மைனஸ் கிடைத்தது. அந்த ஆசிரியருக்கு என் முடிவு பிடிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ரகு: இப்போது லேப் ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அளந்தது எது, முன்னால் செய்தவர்கள் சொன்னது எது, நான் ஊகிப்பது எது. இங்கே பல பேர் மூன்றாம் வருஷத்தில்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே அதை வீணாகப் போகிற பீரியட் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள் சித்தப்பா.

குமார்: ம். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பெரியப்பா: ரகுவுக்கு நல்ல ஆசிரியர் அமைந்தார். சின்னவன் கதை வேறு, அதையும் சொல்ல வேண்டும். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம். பொதுப் பள்ளியில் ஐஇபி, அதாவது அவனுக்கென்றே எழுதிய தனி உதவித் திட்டம், இருந்தது, பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைத்தது. தனியார் பள்ளிக்கு மாறினோம். அந்த ஐஇபி இங்கே எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கையை விரித்துவிட்டார்கள். சட்டப்படி அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு வருஷம் அவன் பட்ட பாட்டை எங்களால் மறக்க முடியாது. எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லவில்லை. நிலாவுக்கு அந்தத் தேவை இல்லை, இருந்தாலும் பிள்ளைகளுக்கு என்ன உதவி உண்டு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கலா: அண்ணா சொல்வது ரொம்ப முக்கியம். சில பள்ளிகளில் அதற்கென்றே ஆசிரியர் இருப்பார், சிலவற்றில் ஒருவருமே இருக்க மாட்டார்கள்.

சுதா: அண்ணி, இன்னொன்று. பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளியும் இருக்கிறது. இது இருபாலர் பள்ளி. உங்கள் அனுபவத்தில் எது நல்லது?

கலா: போப் பதினொன்றாம் பயஸ் 1929-ல் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைக் கண்டித்தே எழுதினார். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் படித்தார்கள். இன்று இருபது லட்சத்துக்கும் கீழே. பாடம் நடத்தக் கன்னியாஸ்திரீகளும் குறைந்துபோனார்கள். அதனால் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் பல ஊர்களில் ஒன்றாகிவிட்டன. எங்கள் பள்ளியும் அப்படிச் சேர்ந்ததுதான்.

கலா: சேர்ந்து படிப்பது தானாகச் சரியாக நடந்துவிடாது சுதா. என் லேபில் முதல் சில வருஷம் நான் கவனிக்கவே இல்லை. நான்கு பேர் குழுவில் பையன் பியூரெட்டைத் (அளந்து ஊற்றும் கண்ணாடிக் குழாய்) திறப்பான், பெண் நோட்டில் குறிப்பாள். எல்லா மேசையிலும் இதேதான். அவளுக்கு எழுத்து அழகாக இருக்கிறதாம். இதைக் கவனித்த நாளிலிருந்து வாராவாரம் வேலையை மாற்றிக் கொடுக்கிறேன். யார் ஊற்றுவது, யார் அளப்பது, யார் எழுதுவது என்று பலகையிலேயே போட்டுவிடுவேன். நிலா லேபில் உட்காரும்போது இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

நிலா: அம்மா போனிலிருந்து நிலா. எல்லாவற்றையும் படித்தேன். அத்தை, பள்ளியில் கத்தோலிக்கப் பூசை நடக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் வரிசையில் போய் அப்பம் வாங்குவார்கள்தானே?

கலா: நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும் கண்ணு. நீ இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆசி மட்டும் வேண்டும் என்றால் வரிசையில் போய், இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு நில். புரிந்துகொள்வார்கள். நாடு முழுக்க இந்தப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர் இல்லை. நீ தனியாக இருக்க மாட்டாய்.

சுதா: நம் கடவுளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால்?

கலா: பேசினால் ஆசிரியரிடம் தைரியமாகச் சொல்லலாம், அவர்கள் திருச்சபையின் ஏடே அவள் பக்கம் இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்கள் கூடிய மாநாடு, கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே நாளில் மற்ற மதங்களைப் பற்றியும் ஒன்று. அதில் இந்து மதத்தைப் பெயர் சொல்லி, அதன் தத்துவத் தேடலை மதிப்போடு குறிப்பிடுகிறார்கள். எந்த மதத்திலும் உண்மையும் புனிதமும் ஆனதைத் தள்ளுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நிலா: நுழைவுத் தேர்வு எப்படி இருக்கும் ரகு அண்ணா? ஹெச்எஸ்பிடி என்று போட்டிருக்கிறார்கள்.

ரகு: கேள்விகள் கஷ்டமில்லை, நேரம்தான் கஷ்டம். மொத்தம் 298 கேள்வி. முதல் பகுதியில் வார்த்தைக் கேள்வி 60, அதற்கு 16 நிமிஷம். ஒன்றில் சிக்கிக்கொள்ளாதே. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதே.

செவ்வாய்க்கிழமை இரவு

சுதா: வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. அவளே சொல்லட்டும்.

நிலா: முதல் வகுப்பு ஜியாமெட்ரி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாருக்காவது வேண்டிக்கொள்ள வேண்டுமா என்று ஆசிரியர் கேட்டார். ஒரு பையன், என் பாட்டிக்கு இன்று கண் ஆபரேஷன் என்றான். அரை நிமிஷம் அமைதி. நானும் அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். உடனே "ஹோம்வொர்க்கை எடுங்கள்" என்றார்.

நிலா: அத்தை, லேபில் பார்த்தேன். மூன்று மேசையில் பெண்கள்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் மட்டும் பெண் ஊற்றினாள்.

கலா: பார்த்தாயே! சேர்ந்தால் முதல் வாரமே பியூரெட்டை நீ எடுத்துக்கொள்.

குமார்: கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிக் கேட்டாயா?

நிலா: கேட்டேன் அப்பா. பத்தாவதில் ஒரு பாடம், பதினொன்றில் ஏபி என்கிற காலேஜ் தரப் பாடம். முதல் மணிக்கு முன்னாலேயே ஒரு பீரியட் வைத்திருக்கிறார்கள், அதில் எடுத்தால் எல்லாம் பொருந்தும். சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். எழுந்துவிடுவேன்.

பெரியப்பா: படிப்பில் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு?

சுதா: நான் கேட்டேன் மாமா. இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூடுதல் நேரத்துக்கான விதியை எழுத்தில் அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்ததும் குழுவில் போடுகிறேன்.

நிலா: தியாலஜி ஐந்தாம் பீரியட். ஒரு பெண் கை தூக்கி, கடவுள் நல்லவர் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் நோய் வருகிறது என்று கேட்டாள். ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை பைபிளில் யோபு என்பவர் கேட்டிருக்கிறார் என்று சொல்லி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னார். மணி அடிக்கும்வரை முடியவில்லை. வெளியே வரும்போதும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

குமார்: உனக்கு என்ன தோன்றியது?

நிலா: நாளைக்கும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும் போல இருந்தது.

குமார்: சரி. விண்ணப்பத்தை இப்போதே நிரப்புகிறேன். மதம் என்ற கட்டத்தில் இந்து என்று தெளிவாக எழுதுகிறேன்.

கலா: அப்படியே எழுது தம்பி.

நிலா: ரகு அண்ணா, அந்தக் கூலிக் கட்டுரை இன்னும் இருக்கிறதா? மூன்றையும் அனுப்புங்கள். பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள்.

ரகு: முதல் இரண்டும் என் பெட்டியில்தான் இருக்கின்றன. மூன்றாவது அம்மாவிடம் இருக்கும், வாங்கித் தருகிறேன். இதோ முதலாவது.

ரகு: (படம்)

நிலா: மூன்றாவது பத்தியா அண்ணா? பெரிதாக்கிப் பார்க்கிறேன். இந்த வரியைச் சொல்வது லியோ இல்லை, நீங்களும் இல்லை. உங்கள் நண்பர்தானே?